கொலையாளி ஓர் ஆறா? சிட்னி மர்மமும் ஒரு வேதியியல் பாடமும்

1963ஆம் ஆண்டு, ஜனவரி முதல் நாள். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் லேன் கோவ் ஆற்றங்கரைப் பக்கம் கோல்ஃப் பந்து தேடிப் போன இரண்டு இளைஞர்கள், அங்கே ஓர் ஆடவரின் உடலைக் கண்டார்கள். போலீசார் வந்து தேடியபோது, சற்றுத் தள்ளி ஒரு பெண்ணின் உடலும் கிடைத்தது.

ஆடவர், டாக்டர் கில்பர்ட் போகல். வயது 38. நியூசிலாந்தில் பிறந்தவர், ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்ஃபர்டில் படித்தவர், ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் இயற்பியலாளராகப் பணியாற்றியவர். பெண், மார்கரெட் சாண்ட்லர். வயது 29. அவருடைய கணவரும் அதே நிறுவனத்தின் ஊழியர். முந்திய இரவு சேட்ஸ்வுட் பகுதியில் நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்த புத்தாண்டு விருந்துக்கு மூவரும் வந்திருந்தனர். கணவர் தனியே கிளம்பிவிட்டார். விடியும் முன் போகலும் மார்கரெட்டும் ஆற்றங்கரைக்குச் சென்றார்கள். அதன் பிறகு அவர்களை யாரும் உயிருடன் பார்க்கவில்லை.

உடல்களில் கத்திக்குத்து இல்லை, தோட்டாக் காயம் இல்லை, கழுத்தை நெரித்த தடமும் இல்லை. இருவரும் இறப்பதற்கு முன் வாந்தி எடுத்திருந்தனர். உடல்களை யாரோ மூடி வைத்திருந்தார்கள்: ஒன்றைத் துணியாலும் பழைய கம்பளத் துண்டாலும், மற்றொன்றை அட்டைப் பெட்டிகளாலும். ஆக, மூன்றாவது ஆள் ஒருவர் அங்கே வந்திருக்கிறார். அப்படியானால் இது இரட்டைக் கொலைதான் என்று ஊரே நம்பியது.

காரணம் தெரியாத ஒரு தீர்ப்பு

விஷமாகத்தான் இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் தேடினார்கள். அன்று தெரிந்த விஷங்களுக்கெல்லாம் சோதனை செய்தும் எதுவும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு நடந்த மரண விசாரணையில், இருவரின் இரத்த ஓட்டமும் திடீரெனச் செயலிழந்ததால் மரணம் நேர்ந்தது என்றும், அது ஏன் செயலிழந்தது என்பது தெரியவில்லை என்றும் முடிவானது.

மாணவர்களே, இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். “கார் ஏன் நின்றது?” என்று கேட்டால், “சக்கரம் சுற்றவில்லை, அதனால் நின்றது” என்பது பதிலாகுமா? நடந்ததை வேறு சொற்களில் சொல்வது காரணம் ஆகாது.

காரணம் இல்லாத இடத்தில் கதைகள் முளைக்கும். போகல் அமெரிக்காவில் ஆய்வுப் பணிக்குச் செல்ல இருந்தார்; எனவே இது உளவாளிகளின் வேலை என்றார்கள் சிலர். போதைப்பொருள் என்றார்கள் சிலர். பலருடைய விரல் மார்கரெட்டின் கணவரை நோக்கி நீண்டது. அவர் மீது ஒருபோதும் குற்றம் சாட்டப்படவில்லை. ஆனாலும் சந்தேகம் அவரை விடவில்லை. 1969இல் அவரே ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பின் பொருள்: “நான்தான் செய்தேன் என்று நினைக்கிறீர்களா?” மனைவியை இழந்தவர், அந்த இழப்போடு இந்தக் கேள்வியையும் சுமக்க நேர்ந்தது.

“யார்?” என்று கேட்காமல் “எது?” என்று கேட்டவர்

பல ஆண்டுகளாக எழுத்தாளர்களும் ஆர்வலர்களும் இந்த வழக்கைத் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பீட்டர் பட். இவர் விஞ்ஞானியும் அல்ல, போலீஸ் அதிகாரியும் அல்ல, ஆவணப்பட இயக்குநர். 2006இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஒளியேறிய இவருடைய படம் பழைய கேள்வியைத் திருப்பிப் போட்டது. அந்த இடத்தில் இருந்த எது இவர்களைக் கொன்றிருக்கக்கூடும்?

ஆற்றின் வரலாற்றில் ஒரு தடயம் இருந்தது. கரையோரத் தொழிற்சாலை ஒன்று பல ஆண்டுகளாகத் தன் கழிவை ஆற்றில் விட்டுவந்தது. 1940களில், அழுகிய முட்டை நாற்றம் தாங்க முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் முறையிட்டிருக்கிறார்கள். ஆற்றின் அடிச்சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயு கிளம்புகிறது என்பது அப்போதே தெரியவந்தது. அன்று விடியற்காலை அந்த வாயு பெருமளவில் வெளியேறி, கரையின் பள்ளமான பகுதியில் தேங்கியிருக்கலாம் என்பதே பட் முன்வைத்த கருதுகோள். உடல்களை மூடியவர் கொலையாளியாக இருக்க வேண்டியதில்லை. உடை கலைந்து கிடந்தவர்களைப் பார்த்துக் கூசிய வழிப்போக்கராகவும் இருக்கலாம் என்றார் அவர்.

சேற்றில் வாயு எப்படி உருவாகிறது?

கோலா சிலாங்கூர் போன்ற சதுப்புநிலக் காடுகளுக்குப் போனவர்களுக்கு இந்த நாற்றம் தெரிந்திருக்கும். சேற்றின் மேற்பரப்புக்குக் கீழே ஆக்சிஜன் எனப்படும் உயிர்வளி கிடையாது. அங்கு வாழும் சில பாக்டீரியாக்கள், உயிர்வளிக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்திச் சுவாசிக்கின்றன. நாம் கரியமில வாயுவை வெளியே விடுகிறோம்; அவை ஹைட்ரஜன் சல்ஃபைட்டையும் சேர்த்து வெளியே விடுகின்றன. இந்தப் பாக்டீரியாக்களுக்கு உணவு, மட்கும் கரிமப் பொருள். ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு சேரச் சேர உணவு கூடும். உணவு கூடினால் வாயுவும் கூடும். சதுப்புநிலத்தில் நாம் சாதாரணமாக முகர்வது மிகச் சிறிய அளவுதான், பயப்பட வேண்டியதில்லை.

ஏன் பள்ளத்தில் தேங்குகிறது?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஹைட்ரஜன் சல்ஃபைட் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஒரு கந்தக அணுவும் உள்ளன. நிறை: 1 + 1 + 32 = 34. காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் (28), ஒரு பங்கு உயிர்வளி (32). சராசரி ஏறக்குறைய 29. எனவே இந்த வாயு காற்றைவிடச் சுமார் 1.2 மடங்கு கனமானது. காற்று வீசினால் கலைந்துவிடும். காற்று அசையாத நேரத்தில் பள்ளத்தில் தங்கும். நிற்பவரைவிட, தரையில் அமர்ந்திருப்பவருக்கும் படுத்திருப்பவருக்கும் ஆபத்து அதிகம்.

மூக்கு செய்யும் துரோகம்

“நாற்றம் அடித்தால் எழுந்து ஓடியிருக்க மாட்டார்களா, டீச்சர்?” இந்தக் கதையைச் சொன்னபோது என் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி.

காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இந்த வாயு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் அளவு 100 பங்கை நெருங்கினால், சில நிமிடங்களில் முகரும் நரம்பு மரத்துப்போகும். நாற்றம் காணாமல் போகும், வாயு அப்படியே இருக்கும். “அப்பாடா, போய்விட்டது” என்று நாம் நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 500 பங்கைத் தாண்டினால் தள்ளாட்டமும் மயக்கமும் வரும். 1,000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே சுருண்டு விழ நேரலாம்.

உடலுக்குள் இது செய்யும் வேலை சயனைடு செய்வதைப் போன்றது. நம் உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா, உயிர்வளியைக் கொண்டு ஆற்றலை உருவாக்குகிறது. அதற்குத் தேவையான ஒரு முக்கிய நொதியை ஹைட்ரஜன் சல்ஃபைட் முடக்கிவிடுகிறது. இரத்தத்தில் உயிர்வளி நிறைய இருக்கும்; ஆனால் உயிரணுவால் அதைப் பயன்படுத்த முடியாது. சோறு நிறைந்த பானைக்கு முன்னால் வாய் கட்டப்பட்டு அமர்ந்திருப்பது போன்ற நிலை அது.

விஷம் ஏன் அகப்படவில்லை?

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, உடல் இந்த வாயுவை விரைவாகத் தயோசல்ஃபேட், சல்ஃபேட் போன்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. இரண்டு, இறந்த உடல் அழுகும்போது தானாகவே சல்ஃபைடு உண்டாகிறது. எனவே அது கிடைத்தாலும் எங்கிருந்து வந்தது என்று சொல்வது கடினம். இன்றைய ஆய்வகங்கள் இரத்தத்திலும் சிறுநீரிலும் தயோசல்ஃபேட்டைத் தேடுகின்றன.

சோதனை என்பது ஒரு குறிப்பிட்ட பொருளைத் தேடுவது. தேடாத பொருள் கிடைக்காது. “கண்டுபிடிக்கப்படவில்லை” என்பதும் “இல்லை” என்பதும் ஒன்றல்ல.

அப்படியானால் மர்மம் தீர்ந்ததா?

இல்லை. இந்த இடத்தில்தான் நாம் நிதானமாக இருக்க வேண்டும். காயமில்லாத மரணம், வாந்தி, இருவரும் ஒரே இடத்தில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இறந்தது, விஷம் அகப்படாதது ஆகியவற்றை இந்தக் கருதுகோள் விளக்குகிறது. ஆனால் அன்று விடியற்காலை அந்த இடத்துக் காற்றை யாரும் அளக்கவில்லை. ஈய அசெட்டேட் தடவிய தாள் ஒன்று அப்போது அங்கே இருந்திருந்தால், இந்த வாயு பட்டுக் கறுத்திருக்கும். வெயில் ஏறி, காற்று வீசிய பிறகு அந்தச் சாட்சி கலைந்துவிட்டது. அவ்வளவு வாயு ஒரே நேரத்தில் வெளியேறியிருக்க முடியுமா, அதே கரையில் வேறு எவரும் ஏன் இறக்கவில்லை என்ற கேள்விகளும் நிற்கின்றன. பொருந்தும் விளக்கம் வேறு, நிரூபிக்கப்பட்ட விளக்கம் வேறு. வழக்கு இன்றும் தீராத வழக்காகவே உள்ளது.

இருந்தாலும் பட்டின் முயற்சியை நான் மதிக்கிறேன். பழைய வழக்குகளைத் தோண்டும் ஆர்வலர்கள் பலர், முதலில் ஒருவரைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு அதற்கேற்ற சான்றுகளைப் பொறுக்குகிறார்கள். அது அறிவியல் அல்ல. சான்றில்லாமல் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டால், அந்தக் கறையை எந்தச் சோப்பாலும் கழுவ முடியாது. பட் யாரையும் கொலையாளி ஆக்கவில்லை. கொலையே நடந்ததா என்று கேட்டார். அந்தக் கேள்வியை 1963லேயே யாராவது உரக்கக் கேட்டிருந்தால், கணவர் மீது நீண்ட விரல்களில் சிலவாவது மடங்கியிருக்கும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு

இது எங்கோ நடந்த கதை மட்டுமல்ல. 2024 மே மாதம் சிங்கப்பூரின் சுவா சூ காங் நீர் சுத்திகரிப்பு ஆலையில் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணியின்போது, ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயுவைச் சுவாசித்த மலேசிய ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். மலக்குழி, சாக்கடைக் குழி, கழிவுநீர்த் தொட்டி என மூடிய எந்த இடத்திலும் இந்த வாயு காத்திருக்கலாம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், பதறிக்கொண்டு பின்னாலேயே இறங்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் இறந்துபோவது இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. 999ஐ அழையுங்கள், சிங்கப்பூரில் இருப்பவர்கள் 995ஐ அழையுங்கள். மூச்சுக் கருவியோடு வருபவர்களே உள்ளே இறங்கலாம்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. கரியமில வாயுவின் மூலக்கூறு நிறை 44. அது பள்ளத்தில் தேங்குமா, மேலே போகுமா? ஏன்?

2. நாற்றம் நின்றுவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்லலாமா?

3. நீங்கள் 1963இல் அந்த ஆற்றங்கரைக்கு முதலில் சென்ற விசாரணை அதிகாரியாக இருந்தால், எந்த மூன்று மாதிரிகளைச் சேகரித்திருப்பீர்கள்? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கூறுக.