வேகம் வேறு, நேரந்தவறாமை வேறு

வேகமான கணினி எதையும் உரிய நேரத்தில் செய்துவிடும் என்றே மாணவர்கள் எண்ணுகிறார்கள். இதை விளக்க, 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் 8 பிட் விளையாட்டுக் கருவியை எடுத்துக்கொள்கிறேன். அதன் செயலி நொடிக்கு ஏறத்தாழ 18 லட்சம் துடிப்புகளில் இயங்குகிறது. ராஸ்பெர்ரி பை 4 கணினியோ 150 கோடி.

விளையாட்டின்போது கருவி நொடிக்குச் சுமார் 60 முறை எட்டுப் பொத்தான்களின் நிலையைக் கேட்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பொத்தானின் விடை, சில மைக்ரோநொடிகளுக்குள் வர வேண்டும். கைப்பிடிக்குப் பதில் பை கணினியை இணைத்தால், லினக்ஸ் நம் நிரலைச் சற்று நிறுத்திவிட்டு வேறு பணியைக் கவனிக்கும். அதற்குள் துடிப்பு கடந்துவிடும். அழுத்தியது ஒன்று, பதிவாவது வேறொன்று.

தீர்வு, அசல் கைப்பிடியிலேயே உள்ள 4021 என்னும் நகர்வுப் பதிவகச் சில்லு. எட்டு நிலைகளையும் பை முன்னதாகவே அதனிடம் தந்துவிடும். துடிப்புக்கேற்ப அனுப்புவது சில்லின் வேலை. பை 3.3 வோல்ட், கருவி 5 வோல்ட் என்பதால் இடையில் மின்னழுத்த மாற்றியும் தேவை.

வகுப்பில் இதற்கு மின்சுற்று வேண்டாம். ஒருவர் சீராகக் கைதட்டட்டும். மற்றொருவர் தட்டுக்கு ஓர் எண் அட்டை தரட்டும். இடையே அவரிடம் வாய்ப்பாடு கேளுங்கள், தட்டு தவறும். அடுத்து, அட்டைகளை முன்பே அடுக்கி, வேறு வேலையில்லாத மூன்றாமவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள், தவறாது. ஏன் என்பதை மாணவர்களே சொல்வார்கள்.