சினை பிடிக்கவில்லையா? ஆண் பன்றியையும் பாருங்கள்

பன்றி வளர்க்கும் வீடுகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “ரெண்டு தரம் சேத்தாச்சு, சினை புடிக்கல. இது மலடு. இறைச்சிக்குக் குடுத்துற வேண்டியதுதான்.” குட்டி குறைந்தாலும் பழி பெண் பன்றி மேல்தான் விழுகிறது. பெண் பன்றியில் குறை இருந்தால் ஒரு ஈற்று நட்டம். ஆண் பன்றியில் குறை இருந்தால், அதோடு சேர்ந்த எல்லாப் பன்றிக்கும் நட்டம். அதனால் விற்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம்.

குறை யாரிடம்?

பன்றி சேர்ந்த திகதியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சினை பிடிக்காத பன்றி சுமார் 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். பிடித்திருந்தால் 114 நாளில், அதாவது 3 மாதம் 3 வாரம் 3 நாளில், குட்டி போடும். ஒரே ஆண் பன்றியோடு சேர்த்த மூன்று நாலு பன்றிகளில் ஒன்று மட்டும் திரும்பினால் அந்தப் பெண் பன்றியைப் பாருங்கள். எல்லாமே திரும்பினால் ஆண் பன்றியைத்தான் பார்க்க வேண்டும்.

சூடும் காய்ச்சலும்

பன்றிக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்பு சூடானால் விந்தின் தரம் கெடும். விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறக்குறைய 6, 7 வாரம் எடுக்கும். ஆகவே இன்றைக்கு அடித்த வெயிலின் பாதிப்பு அடுத்த மாதம்தான் தெரியும். காய்ச்சல் வந்து சுகமான ஆண் பன்றி நன்றாகத் தின்னும், ஏறும். ஆனால் சினை பிடிக்காது. அதற்கு இரண்டு மாதம் ஓய்வு கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால் மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள். விந்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

நுவரெலியாப் பக்கம் வெயில் பெரிய தொல்லை இல்லை. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தோட்டங்களில் தகரக் கூரைக்கு மேல் மானாப்புல்லோ தென்னோலையோ பரப்புங்கள். மத்தியானத்தில் உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். காலையிலோ மாலையிலோ சேருங்கள்.

எந்தக் குட்டியை ஆணாக வளர்ப்பது?

1. நிறையக் குட்டி போட்டு, எல்லாவற்றையும் நன்றாக வளர்க்கும் தாயின் குட்டியாக இருக்க வேண்டும்.
2. இரண்டு விதைகளும் வெளியே இறங்கி, ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு விதை மறைந்திருப்பதோ, குடலிறக்கமோ இருந்தால் வேண்டாம். இவை வம்சத்தில் தொடரும்.
3. ஆணுக்கும் காம்பை எண்ணுங்கள். 12க்குக் குறையக் கூடாது. 14 இருந்தால் நல்லது. அதன் பெண் குட்டிகளுக்கும் அந்தக் குணம் போகும்.
4. பின்னங்கால் பலமாக இருக்க வேண்டும். கால் வலித்தால் ஏறாது.

எத்தனை தடவை?

8 மாதத்துக்கு முன் சேர்க்க வேண்டாம். ஒரு வயது வரை வாரத்துக்கு இரண்டு தடவை போதும். வளர்ந்ததற்கும் நாலைத் தாண்ட வேண்டாம். தினமும் விட்டால் விந்து வரும். அணு குறைவாக இருக்கும். சேர்க்கை முடிய 5, 10 நிமிடம் ஆகலாம். அவசரப்பட்டு விரட்டாதீர்கள். கொழுக்கவும் விட வேண்டாம், மெலியவும் விட வேண்டாம். பூஞ்சணம் பிடித்த தவிடு, புண்ணாக்கு கொடுக்கவே கூடாது.

சொந்தத்துக்குள் வேண்டாம்

ஆண் பன்றியை அதன் மகளோடும் கூடப்பிறந்ததோடும் சேர்த்தால் குட்டி குறையும், ஊனமும் வரும். முதல் சேர்க்கை நடந்து ஏறக்குறைய ஒரு வருடத்தில் மகள்கள் சேர்க்கைக்குத் தயாராகிவிடும். அதற்குள் வேறு ஆண் பன்றிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இரவல் பன்றியில் கவனம்

2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டுக்குள் வந்து பல பட்டிகளைக் காலியாக்கியது. அது மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கோ மருந்தில்லை. ஊர் ஊராகப் போய்வரும் ஆண் பன்றி இந்த நோயைக் கொண்டுவரலாம். விந்து மூலமும் பரவலாம். காய்ச்சல் இருக்கும் பகுதியிலிருந்து ஆண் பன்றியைக் கொண்டுவராதீர்கள். புதிதாக வந்ததை ஒரு மாதமாவது தனியே கட்டிப் பாருங்கள்.

சினை பிடிக்காமல் போகும் ஒவ்வொரு முறையும் 21 நாள் தீனி வீண். அந்தத் தீனி நம்முடைய நாட்சம்பளத்தில் வாங்கியது. ஆகவே நல்ல பெண் பன்றியை மலடு என்று விற்பதற்கு முன், கொப்பியை ஒரு தரம் புரட்டிப் பாருங்கள்.