அஞ்சடி சொல்லும் பாடம்



கட்டடம் கட்டுபவர் தம் மனைக்குள்ளே மட்டும் பார்த்துக் கட்டினால் போதுமா? அண்டை அயலையும் தெருவையும் மழை வெயிலையும் பார்த்துக் கட்ட வேண்டுமா? இம்மாதப் பாடத்திற்கு இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம். வியாபாரிகளாகிய நமக்கு இதனால் என்ன என்று சிலர் நினைக்கலாம். நாம் மாட்டும் பெயர்ப்பலகையும், வாசலில் அடுக்கும் பெட்டியும் ஊரின் உருவத்தில் சேர்ந்தவையே அல்லவா? நாம் கட்டடக் கலை கற்றவரல்லர். மதரசாவிலும் தொடக்கப் பள்ளியிலும் ஓதிப் படித்துவிட்டுக் கடைக்கு வந்தவர். சிங்கப்பூர்த் தெருக்களில் கண்டதையும் கேட்டறிந்ததையும் கொண்டு எழுதுகிறோம்.

முதலில் நம் பள்ளிவாசலையே பார்ப்போம். சௌத் பிரிட்ஜ் ரோட்டிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் முன்னோர் 1826-ஆம் ஆண்டில் நிறுவியது. இன்று நாம் காணும் கட்டடம் 1830-க்கும் 1835-க்கும் இடையில் எழுந்தது. அடுத்த முறை லுஹர் தொழப் போகும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள். இரண்டு மினாராக்களோடு கூடிய தலைவாசல், தெருவுக்கு நேராக, அக்கம்பக்கத்துக் கடைகளின் வரிசையிலேயே நிற்கிறது. உள்ளே போனால் தொழுகை மண்டபம் தெருவுக்குக் கோணலாகத் திரும்பியிருக்கிறது.

இது கொத்தனாரின் பிழையன்று. கிப்லா இவ்வூரில் மேற்குக்குச் சற்று வடக்கே இருக்கிறது. தெருவோ ஊர் வகுத்தவர்கள் போட்ட கோட்டின்படி போகிறது. தெருவுக்காகக் கிப்லாவை மாற்ற இயலாது. கிப்லாவுக்காக வாசலையும் சேர்த்துத் திருப்பியிருந்தால் தெருவின் வரிசை கெட்டிருக்கும். ஆகவே நம் பெரியவர்கள் தொழுமிடத்தைக் கிப்லாவுக்கும் வாசலைத் தெருவுக்கும் நேராக வைத்தார்கள். தங்கள் கடமையில் ஓர் அங்குலமும் விடவில்லை. அயலாரின் ஒழுங்கையும் குலைக்கவில்லை. அதே சாலையில் மாரியம்மன் கோயிலும் சீனர் கடைகளும் இருக்கின்றன. பல சமயத்தார் கலந்து வாழும் தெருவில் எப்படி நின்றுகொள்வது என்பதை அந்த வாசல் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகக் காட்டி வருகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கம்போங் கிளாமில் இருக்கும் சுல்தான் பள்ளிவாசலைப் பாருங்கள். பழைய பள்ளிவாசல் இருந்த இடத்தில், டெனிஸ் சான்ட்ரி என்பவர் வரைந்த படத்தின்படி 1924-இல் தொடங்கி 1932-இல் முடித்த கட்டடம் இது. பெரிய மண்டபத்தைக் கிப்லாவுக்கு நேராக அமைக்க மனை போதவில்லை. அங்கே நார்த் பிரிட்ஜ் ரோடுதான் வளைந்து கொடுத்தது. இன்றும் அந்தச் சாலை பள்ளிவாசலைச் சுற்றி வளைந்து செல்வதைக் காணலாம். ஓரிடத்தில் கட்டடம் தெருவுக்கு மரியாதை செய்தது. மற்றோரிடத்தில் தெரு கட்டடத்துக்கு மரியாதை செய்தது. நல்ல ஊர் இப்படித்தான் அமைகிறது.

இனி நம் கடைகளுக்கு வருவோம். மலாய்க்காரர் 'காக்கி லீமா' என்றும் நாம் 'அஞ்சடி' என்றும் சொல்லும் நடைபாதை எப்படி வந்தது? 1822-ஆம் ஆண்டில் ராபிள்ஸ் துரை, நகரம் வகுக்க அமைத்த குழுவுக்கு ஓர் உத்தரவு எழுதினார். செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டும் வீடுகளின் முகப்பு ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறித்த அகலத்தில் தாழ்வாரம் விட வேண்டும். அது எந்நேரமும் திறந்திருந்து, தெருவின் இருபுறமும் தொடர்ந்த பாதையாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இவ்வூரில் வெயில் கடுமை. மழை சொல்லாமல் வரும். ஒவ்வொருவரும் தம் வாசலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், ஊர் முழுதும் நனையாமல் நடக்கலாம். நடுவில் ஒருவர் அடைத்தாலும் மற்றவர் கொடுத்ததெல்லாம் வீண்.

நாம் அடைக்காமல் இருந்தோமா? 1888-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தாழ்வாரங்களில் இருந்த சரக்குகளை அகற்ற நகராட்சி முற்பட்டபோது கடைகள் மூடப்பட்டன. தெருவில் கலகமே மூண்டது. கடைக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. கடை ஒடுக்கம், வாடகையோ அதிகம், சரக்கு வெளியே தெரிந்தால்தானே விற்கும்? இவ்வாதம் நமக்கும் மனப்பாடம். நம் கடை அஞ்சடியிலும் வெங்காய மூட்டைகளும் எண்ணெய்ப் பெட்டிகளும் பல ஆண்டுகள் கிடந்தன.

ஒரு நாள் பெருமழை. பார்வை மங்கிய முதியவர் ஒருவர் நம் மூட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, அஞ்சடியிலிருந்து இறங்கித் தெரு வழியாகச் சுற்றினார். எதிரே வந்த லாரி அவருக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. நாம் ஓடிப்போய்க் கைபிடித்து அழைத்து வந்தோம். "தம்பி, மழைக்குத்தானே இந்த அஞ்சடி?" என்று மட்டும் கேட்டார். வழியிலுள்ள இடைஞ்சலை நீக்குவதும் நன்மை என்று மதரசாவில் ஹஜரத் சொல்லித் தந்தது அன்றுதான் நெஞ்சில் தைத்தது. மறுநாளே மூட்டைகளை உள்ளே ஏற்றினோம். விற்பனை முதலில் கொஞ்சம் குறைந்தது, அதை மறைக்கவில்லை. பிறகு மழைக்கு ஒதுங்கியவர்களில் சிலர் உள்ளே வரத் தொடங்கினார்கள்.

பழைய கடைவீட்டைப் புதுப்பிக்கும் சகோதரர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. 1989-இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய வட்டாரங்கள் பாதுகாக்கப்பட வேண்டியவை என்று அரசாங்கம் அறிவித்தது. அங்கே முகப்பையும் ஓட்டுக்கூரையையும் அஞ்சடியையும் மனம்போல் மாற்ற முடியாது. இதைத் தொல்லை என்று எண்ணாதீர்கள். கடைவீட்டின் பக்கச்சுவர் நமக்கும் அடுத்த கடைக்காரருக்கும் பொது. நடுவே திறந்திருக்கும் முற்றம்தான் நீண்ட ஒடுங்கிய வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் கொண்டுவருகிறது. அதை மூடினால் நம் வீடே இருளும். சன்னலை மறைத்துப் பெரிய பலகை மாட்டினால் மேல்மாடியில் இருப்பவருக்குப் புழுக்கம். பழைய ஒழுங்குகள் பலவும் இப்படி யாரோ ஒருவரின் வசதியைக் காக்க வந்தவையே.

ஆகவே சகோதரர்களே, நாளைக் காலை கடை திறந்ததும் ஒருமுறை வெளியே வந்து, இக்கோடியிலிருந்து அக்கோடிவரை அஞ்சடி வழியே நடந்து பாருங்கள். எங்கே கால் தெருவில் இறங்குகிறதோ அங்கே இருப்பது யாருடைய சரக்கு என்று பாருங்கள். நம்முடையதாயின் அன்றே உள்ளே எடுத்துவிடுவோம். அடுத்தவருடையதாயின், சண்டையின்றி, ஒரு கோப்பைத் தேநீரோடு பேசிப் பார்ப்போம். வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக!