தள்ளுவண்டிக்கு ஏற்ற மரம் எது?

ஓய்வு நேரத்தில் சிற்றுண்டி விற்றுக் குடும்ப வருவாயைப் பெருக்க விரும்பும் தோட்ட மக்கள் சிலர், தள்ளுவண்டியைத் தாங்களே செய்துகொள்கின்றனர். முயற்சி பாராட்டத்தக்கது. ஆயினும், மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால், சேமித்துப் போட்ட முதல் சில மழைக்காலங்களிலேயே மக்கிப் போகும்.

மரம் ஏன் மக்குகிறது?

மரத்தை அரிப்பது நீரன்று. ஈரத்தில் வளரும் பூசணமே. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கும்வரை பூசணம் வளர்வதில்லை. ஆகவே, நமது பணி இரண்டாகும்: எளிதில் மக்காத மரத்தைத் தெரிவு செய்தல்; புகுந்த நீர் தங்காமல் வெளியேற வழி செய்தல்.

மரத்தைத் தெரிவு செய்தல்

நமக்கு எளிதிற் கிடைப்பது ரப்பர் மரம். மேசை, நாற்காலிக்கு அது மிக நன்று. மழையில் நிற்கும் வண்டிக்கு ஆகாது. போரான் மருந்து ஏற்றிய ரப்பர் பலகையும் வெளியில் பயன்படாது. மழைநீர் அம்மருந்தைக் கரைத்துவிடும்.

செங்கால், மெர்பாவ் ஆகியவை நெடுங்காலம் உழைப்பவை. ஆனால், செங்கால் ஒரு கன மீட்டருக்கு 900 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. முழு வண்டியையும் அதனாற் செய்தால் தள்ள இயலாது. அச்சைத் தாங்கும் அடிச்சட்டங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தி, மேற்பகுதிக்கு இலேசான சிவப்பு மெராந்தியைக் கொள்ளலாம். எம்மரமாயினும் வைரம் பாய்ந்த பகுதியையே வாங்குக. வெளிறிய புறப்பகுதி விரைவில் மக்கும்.

நீர் புகாது காத்தல்

1. பலகையின் வெட்டுமுனைகளே நீரை மிகுதியாக உறிஞ்சும். பொருத்துவதற்கு முன்பே அவற்றிற்கு இருமுறை வண்ணம் பூசுக.
2. நன்கு உலர்ந்த மரத்திற்கே வண்ணம் பூச வேண்டும். ஈர மரத்தில் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும்.
3. மேற்கூரையின் இணைப்புகளை அடைத்திடுக. அடித்தளத்தில் நீர் வடியத் துளைகள் விடுக.
4. துருப்பிடிக்காத திருகாணிகளையே பயன்படுத்துக. கடின மரத்தில் முதலில் துளையிட்டபின் முடுக்குக.

எச்சரிக்கை

செம்பும் ஆர்செனிக்கும் கலந்த மருந்தேற்றிய பலகைகள் பெரும்பாலும் பச்சை நிறம் படிந்திருக்கும். உணவு படும் இடங்களில் அவற்றைப் பயன்படுத்தலாகாது. மிஞ்சிய துண்டுகளை அடுப்பில் எரித்தலும் கூடாது. புகையும் சாம்பலும் நஞ்சாகும். குழந்தைகள் அவற்றை விறகென எடுத்து வராதபடி பார்த்துக்கொள்க.

ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் கூர்மையான கத்தி முனையால் அடிச்சட்டங்களைக் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால், அப்பகுதியை உடனே மாற்றிவிடுங்கள்.