மூவினைப் போட்டியாளனின் ஓய்வுப் பருவம்

அறுவடை முடிந்த வயலைக் காண்போர் அதனை வெறும் நிலம் என்பர். உழவன் அவ்வாறு எண்ணான். உழுது காயவிட்ட நிலம் அடுத்த விளைச்சலுக்கு ஆயத்தமாகின்றது என்பதை அவன் அறிவான். திருவள்ளுவரும் உழவு என்னும் அதிகாரத்திலே, ஒரு பலப் புழுதி காற்பலமாகுமாறு காயவிடப்பெறின் ஒரு பிடி எருவும் வேண்டாமற் பயிர் செழிக்கும் என்னும் கருத்தை வைத்துள்ளார். காயவிடுதலும் உழவுத் தொழிலின் ஒரு கூறே என்பது இதனாற் பெறப்படும். இவ்வுண்மை உடற்பயிற்சிக்கும் பொருந்துமாற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு கடிதம். எம்மிடம் தமிழ் கற்ற பழைய மாணவர் ஒருவர் இப்பொழுது கனடாவிலே ரொறன்ரோ நகரில் தொழில் புரிகின்றார். மனைவியும் சிறு பிள்ளைகள் இருவரும் உடையவர். சென்ற கோடையில் அவர் முதன்முறையாக மூவினைப் போட்டியொன்றிற் பங்குகொண்டு, 3 மணி 27 நிமிடத்தில் முடித்தார். முடித்தோர் வரிசையில் அவர் பெயர் ஏறக்குறைய இறுதியிலே இருந்தது. அவர் எழுதினார்: "சேர், இங்கே பனிக்காலம் தொடங்கிவிட்டது. இனி அடுத்த யூன் வரை போட்டி இல்லை. நாளைக்கே தொடங்கி ஒரு நாளும் விடாமற் பயின்றால், வருகிற கோடையில் நீண்ட தூரப் போட்டியையே முடித்துவிடலாம் அல்லவா?"

நீச்சற் பயிற்சியாளரிடம் கேட்கவேண்டிய இவ்வினாவை அவர் தமிழாசிரியராகிய எம்மிடம் கேட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

போட்டியின் இயல்பு

நீச்சல், துவிச்சக்கரவண்டி ஓட்டம், கால் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒருவரே ஒன்றன்பின் ஒன்றாக இடையறாது செய்து முடிப்பது மூவினைப் போட்டி. ஆங்கிலத்தில் இதனை ட்ரையத்லன் என்பர். ஒரு வினையிலிருந்து மற்றொரு வினைக்கு மாறும்போது உடையையும் காலணியையும் மாற்றுதற்குச் செல்லும் நேரமும் கணக்கிற் சேரும்.

இப்பெயருடன் இன்றைய போட்டி தோன்றிய இடம் அமெரிக்காவின் சான்டியாகோ நகரத்து மிஷன் விரிகுடா. 1974ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25ஆந் திகதி அங்கு 46 பேர் பங்குபற்றினர். 1978இல் ஹவாயித் தீவுகளுள் ஒன்றான ஒவாகுவில் நீண்ட தூரப் போட்டி முதன்முதல் நடைபெற்றது. அதிற் புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் விழாவிலே மூவினைப் போட்டியும் இடம்பெற்றது. ஒலிம்பிக் அளவு என வழங்குவது 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் வண்டியோட்டம், 10 கிலோமீற்றர் ஓட்டம் ஆகும். எம் மாணவர் முடித்தது இதனையே. அவர் விரும்பும் நீண்ட தூரமோ 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் வண்டியோட்டம், அதன்மேல் ஒரு முழு மரதன். கூட்டிப் பார்ப்பின் முன்னதினும் நான்கு மடங்குக்கு மேற்பட்டது.

எமது பிழை

யாம் ஓர் இல்லத்துக்குப் பொறுப்பாசிரியராக இருந்த காலத்தில், இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று கிழமையே எஞ்சியிருந்தபோது, 1500 மீற்றர் ஓட்டத்துக்கு எம் இல்லத்தில் ஆள் இல்லை என்பதை அறிந்தோம். மெலிந்து நெடிய மாணவன் ஒருவனைத் தெரிந்தெடுத்தோம். அவன் அதற்குமுன் ஓடிப் பழகியவன் அல்லன். காலையும் மாலையும் மைதானத்தைச் சுற்றி ஓடச்செய்தோம். இரண்டாங் கிழமை முடிவில் அவனுக்கு மூச்சு வசப்பட்டது, கண்டு மகிழ்ந்தோம். மூன்றாங் கிழமையில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நோவதாகச் சொன்னான். "போட்டி முடியும்வரை பொறுத்துக்கொள்" என்றோம். போட்டியன்று அவன் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாணவரே இக்கடிதத்தை எழுதியவர். ஓட்டத்தை அவருக்கு முதன்முதல் அறிமுகஞ் செய்தவர் யாமாதலின், எம்மிடம் வினவினார். அவர் எம்மை ஒருபோதும் குறை கூறியதில்லை. ஆயினும், அன்று யாம் அவருக்குச் செய்த பிழையை இன்று அவர் தமக்குத் தாமே செய்ய முற்படுவதைக் கண்டு வாளாவிருக்க எம்மால் இயலவில்லை.

பிழை யாது? உடலின் உறுப்புக்களெல்லாம் ஒரே வேகத்திற் பயிற்சியை ஏற்பன அல்ல. இதயமும் மூச்சும் சில கிழமைகளிலே முன்னேற்றங் காட்டும். எலும்பும் தசைநாணும் உறுதிபெறப் பல மாதங்கள் செல்லும். மூச்சு "ஓடலாம்" என்று சொல்லும் நாளில் எலும்பு இன்னும் ஆயத்தமாகாதிருக்கும். இவ்விடைவெளியிலேதான் காயம் நிகழ்கின்றது. போட்டியில்லாத மாதங்கள் இவ்விடைவெளியை நிரப்புதற்கென அமைந்த காலமாகும்.

ஓய்வுப் பருவத்தின் மூன்று கூறுகள்

முதலாவது, ஓய்தல். பருவத்தின் இறுதிப் போட்டி முடிந்தபின் இரண்டு முதல் நான்கு கிழமை வரை ஒழுங்கான பயிற்சியை விட்டுவிடல் வேண்டும். நடத்தல், பிள்ளைகளுடன் பந்து விளையாடல் போன்றன செய்யலாம். கடிகாரம் பார்த்தல் கூடாது. பயின்றதெல்லாம் அழிந்துவிடும் என்று பலர் அஞ்சுவர். 1984இல் வெளிவந்த ஆய்வொன்றிலே, நன்கு பயின்றவர்கள் பயிற்சியை முற்றாக நிறுத்தியபோது, அவர்களின் உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றல் மூன்று கிழமையில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கும், பன்னிரண்டு கிழமையில் ஏறத்தாழ 16 பங்கும் குறைந்தமை காணப்பட்டது. குறுகிய ஓய்வால் இழப்பது சிறிது. அதனை மீட்டல் எளிது. ஐந்து மாதமும் சும்மா இருத்தல் வேறு. மூன்று கிழமை ஓய்தல் வேறு. முன்னதைச் சோம்பல் என்க. பின்னதைப் பயிற்சி என்க.

இரண்டாவது, குறை களைதல். போட்டி அண்மித்த காலத்தில் எவரும் தம் பலத்தையே நாடுவர். பலவீனத்தைத் திருத்த அப்போது துணிவு வராது. ஓய்வுப் பருவத்தில் விரைவு எவருக்கும் காட்டவேண்டியதன்று. ஆதலின், தவறாகப் படிந்த பழக்கத்தை மறந்து சரியானதைப் புதிதாய்க் கற்க இதுவே தக்க காலம். எம் மாணவரின் குறை நீச்சல். நீர் காற்றினும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. அதனுள்ளே தலையை உயர்த்தினால் கால்கள் தாழும். தாழ்ந்த உடலை நீர் தடுக்கும். எவ்வளவு வலிமையுடன் கை வீசினும் வலிமை வீணாகும். இத்தகையோர் 1500 மீற்றரைத் திரும்பத் திரும்ப நீந்துதல், பிழையான எழுத்தை ஆயிரம் முறை எழுதிப் பழகுதல் போல்வதாம். 25 மீற்றர், 50 மீற்றர் எனச் சிறு சிறு கூறாக நீந்தி, ஒவ்வொரு முறையும் கைவீச்சுக்களை எண்ணி, விரைவு குறையாமல் எண்ணிக்கையைக் குறைக்க முயல்வதே நெறி.

மூன்றாவது, அடித்தளம் இடல். வண்டியோட்டத்தையும் ஓட்டத்தையும் பெரும்பாலும் இலேசாகவே செய்தல் வேண்டும். அருகே வருபவருடன் முழு வாக்கியமாகப் பேசக்கூடிய அளவே இலேசு என்பதன் அளவு. பேச்சுத் தடைப்படின் வேகம் மிகை. இத்துடன் கிழமைக்கு இரு முறை எடை தூக்கல், அமர்ந்தெழல் முதலிய வலுப் பயிற்சிகள் தசைநாண்களைப் போட்டிக்கு ஆயத்தம் செய்யும்.

எம் மாணவருக்குக் கிழமையில் ஒதுக்க இயல்வது 7 மணித்தியாலம். யாம் அவருக்கு வகுத்தனுப்பிய அட்டவணை இது: நீச்சல் 45 நிமிடமாக இரு முறை, நிறுத்திவைத்து மிதிக்கும் வண்டியில் வீட்டினுள்ளே ஒரு முறை 1 மணியும் மற்றொரு முறை ஒன்றரை மணியும், ஓட்டம் 40 நிமிடமாக இரு முறை, வலுப் பயிற்சி அரை மணியாக இரு முறை. கிழமையில் ஒரு நாள் முழு ஓய்வு. மொத்தம் 6 மணி 20 நிமிடம். எஞ்சிய 40 நிமிடத்தை நிரப்பவேண்டா என்றும் எழுதினோம். அது காய்ச்சலுக்கும் விருந்தினருக்கும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் விட்டுவைத்த இடம். விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளாதவனின் பயிற்சி நேரம் முழுவதும் அவனுடையது அன்று. அதில் ஒரு பங்கு வீட்டாரிடமிருந்து பெற்ற கடன்.

குறிக்கோள் அமைக்கும் முறை

"இயன்றதைச் செய்வேன்" என்பது பணிவான சொல். ஆயின் நல்ல குறிக்கோள் அன்று. அமெரிக்க உளவியலறிஞர் எட்வின் லொக் 1968இல் எழுதிய கட்டுரையிலே, தெளிவும் கடினமும் உடைய குறிக்கோள், இயன்றதைச் செய்க என்னும் பொதுக் கட்டளையினும் மிக்க பயன் தருவதை விளக்கினார். தெளிவான குறிக்கோள்களையும் மூவகையாகப் பகுக்கலாம்.

"என் வயதுப் பிரிவில் முதற் பத்துப் பேருள் ஒருவனாவேன்" என்பது பேறு பற்றிய குறிக்கோள். அது பிறர் கையிலும் உள்ளது; தம்மினும் வல்லார் பதின்மர் வந்துவிடின் அது கைகூடாது. "3 மணி 10 நிமிடத்தில் முடிப்பேன்" என்பது அளவு பற்றிய குறிக்கோள். அது பெரும்பாலும் தன் கையில் உள்ளது. காற்றும் வெயிலும் சிறிது மாற்றும். "இப்பனிக்காலம் முழுவதும் கிழமைக்கு இரு முறை நீச்சற் குளத்துக்குச் செல்வேன், 25 மீற்றருக்கு 28 வீச்சை 23 ஆக்குவேன்" என்பது செயல் பற்றிய குறிக்கோள். அது முற்றிலும் தன் கையில் உள்ளது. மூன்றும் வேண்டுவனவே. முதலாவது ஆசையைத் தரும். இரண்டாவது அளவுகோலைத் தரும். நாள்தோறும் காலையில் எழுப்புவது மூன்றாவதேயாகும்.

அளவு பற்றிய குறிக்கோளைக் கணக்கிட்டே அமைத்தல் வேண்டும். எம் மாணவரின் 207 நிமிடத்தைப் பகுத்துப் பார்த்தோம். நீச்சல் 40, வண்டி 96, ஓட்டம் 65, உடை மாற்றல் 6. நீச்சலில் 100 மீற்றருக்கு 2 நிமிடம் 40 விநாடி என்பதை 2 நிமிடம் 20 விநாடி ஆக்கின் 5 நிமிடம் மீளும். வண்டியை மணிக்கு 25 கிலோமீற்றரிலிருந்து 27 ஆக உயர்த்தின் 7 நிமிடம் மீளும். ஓட்டத்தில் கிலோமீற்றருக்கு அரை நிமிடம் குறைப்பின் 5 நிமிடம் மீளும். உடை மாற்றும் இடத்தில் காலணியையும் தலைக்கவசத்தையும் ஒழுங்குபட வைத்துப் பழகின், ஒரு துளி வியர்வையுமின்றி 2 நிமிடம் மீளும். ஆக 19 நிமிடம். 3 மணி 8 நிமிடத்தில் முடியும். எவ்வினையிலும் அரிய சாதனை ஒன்றும் இல்லை. நான்கு சிறு திருத்தங்களே உள. நீண்ட தூரம் என்னும் மலையை நோக்கி மலைத்து நிற்பதினும், இந்நான்கு படிகளில் ஏறுதல் நன்று.

ஐந்து விநாடி

ஜப்பானியரான ஹிரோமு இனாடா என்பார் 1932இற் பிறந்தவர். செய்தியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின், 60ஆவது வயதளவில் நீந்தத் தொடங்கி, 70ஆவது வயதில் முதல் மூவினைப் போட்டியில் இறங்கினார். 2015இல், தம் 82ஆவது வயதில், ஹவாயில் நடைபெறும் நீண்ட தூர உலகப் போட்டியில் முடிவுக் கோட்டை அண்மித்தபோது களைத்து வீழ்ந்தார், எழுந்து கடந்தார். வரையறுத்த நேரத்துக்கு 5 விநாடி பிந்திவிட்டது. கணக்கில் அவர் முடித்தவராகார். பகல் முழுதும் முயன்று இரவில் 5 விநாடியால் இழந்த ஒருவர் அதன்பின் வந்த மாதங்களை எவ்வாறு கழித்தல் வேண்டும்? அவர் அடுத்த ஆண்டே திரும்பிவந்து உரிய நேரத்துள் முடித்தார். 2018ஆம் ஆண்டு ஒக்ரோபர் 13ஆந் திகதி, 85 வயதில், மீண்டும் முடித்தார்.

அந்த 5 விநாடி முடிவுக் கோட்டருகே மீட்கப்பட்டதன்று. பார்ப்போர் எவருமில்லாத மாதங்களிலே, சிறிது சிறிதாக மீட்கப்பட்டது. எம் பழைய மாணவர்களுள் ஐம்பதும் அறுபதும் கடந்தோர் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்வாராக. மருத்துவரிடம் உடலைக் காட்டி அவர் இசைவு பெற்றபின் தொடங்குவாராக.

முடிவுரை

எம் விடையைப் பெற்ற மாணவர் மீண்டும் எழுதினார். நீண்ட தூரத்தை இவ்வாண்டு விட்டுவிட்டதாகவும், மூன்று கிழமை ஓய்ந்தபோது மூத்த மகளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியதாகவும், இப்பொழுது 25 மீற்றருக்கு 26 வீச்சுக்கு வந்திருப்பதாகவும் குறிப்பிட்டிருந்தார். இரண்டு வீச்சே குறைந்துள்ளது. ஆயினும் அச்செய்தி, அவர் பரிசு பெற்றதாக எழுதியிருப்பினும் தந்திராத மகிழ்ச்சியை எமக்குத் தந்தது.

மாணவ மணிகளே, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது எம்மிடம் ஓடிவராதீர்கள். முந்திய தவணையிலேயே வாருங்கள். நோகின்றது என்று நீங்கள் சொன்னால் இனி யாம் பொறுத்துக்கொள் என்று சொல்லமாட்டோம். பரீட்சைக்கும் இதுவே நெறி என்பதைத் தனியே கூறவேண்டுவதில்லை. கல்லூரியும் விழாக் கொண்டாடும் இவ்வாண்டிலே சற்று நின்று, வந்த வழியை எண்ணிப் பார்த்து, செல்லும் வழிக்குக் குறிக்கோள் அமைக்கின்றது. நிலம் காயட்டும், விதைக்கும் நாள் வரும்.