வேர் சிகிச்சைக்குப் பிறகும் வலியா?

மேல் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்து கேப்பும் போட்டாயிற்று. ஒரு வருடம் கழித்து மறுபடி வலிக்கிறது. பிடுங்கிவிடலாமா டாக்டர்?
– வாசகி, திண்டுக்கல்

அவசரப்படாதீர்கள். மேல்தாடை முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர்கள் மூன்று. கால்வாய்கள் பெரும்பாலும் நான்கு. கன்னப்பக்க முன்வேரில் ஒளிந்திருக்கும் அந்த நாலாவது விடுபட்டால், கிருமிகள் உள்ளேயே குடித்தனம் நடத்தும். ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கிப் பயனில்லை. நரம்பு எடுத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாதே, மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

சாதாரண எக்ஸ்ரேயில் ஒரு வேர் மற்றதை மறைத்துவிடும். வேர் சிகிச்சை நிபுணரான எண்டோடான்டிஸ்டைப் பாருங்கள். தேவைப்பட்டால் பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்து, மைக்ராஸ்கோப் வைத்து மறுசிகிச்சை செய்வார். அதிலும் ஆறாவிட்டால், ஈறைத் திறந்து வேர்நுனியில் சுமார் 3 மி.மீ. வெட்டி அடைப்பதும் உண்டு. வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால்தான் பெரும்பாலும் பிடுங்க நேரும். கேப் வீணாகுமே என்ற கவலையா? பல நேரம் அதில் துளையிட்டே வேலையை முடித்துவிடலாம்.