தூண்டிற்கலையும் காவிரி மீனும்

நுழையும்முன்
மீன்பிடித்தல் தொன்மையான தொழில். அதனைப் பொழுதுபோக்காகவும் விளையாட்டாகவும் கொள்வோர் உலகெங்கும் உள்ளனர். பிடித்த மீனை எடைபோட்டு, குறித்துக்கொண்டு, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவது அவர்களுள் பலர் கைக்கொள்ளும் முறை. அவ்வாறு எழுதப்பட்ட குறிப்புகள் காவிரியில் ஒரு மீனினம் மறைந்துவருவதை வெளிக்கொணர்ந்தன. அக்கலையின் வகைகளையும் தொடக்கநிலைப் பயிற்சியையும் அம்மீனின் வரலாற்றையும் இப்பாடம் கூறுகிறது.

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ளது உத்தனப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் எல்லைப்பகுதி அது. அதன் வடபுறம் தென்பெண்ணை ஓடுகிறது. தென்மேற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளைக் கடந்தால் காவிரி. இடைப்பட்ட ஊர்களில் ஏரிகளும் குட்டைகளும் உண்டு. மழைக்காலம் முடிந்து ஏரியில் நீர் தெளியத் தொடங்கியதும், பள்ளி விடுமுறை நாள்களில் கரையோரம் மூங்கில் கழியுடன் சிறுவர்கள் அமர்ந்திருப்பதைக் காணலாம். மண்ணைக் கிளறி எடுத்த மண்புழு, மயிலிறகின் தண்டிலோ நெட்டியிலோ செய்த தக்கை, ஒரு முழ நரம்பு, சிறு முள். உலகின் விலையுயர்ந்த தூண்டிற்கோல்கள் அனைத்தும் இந்த எளிய கருவியின் விரிவே.

தூண்டிலின் வகைகள்

தூண்டில் மீன்பிடிப்பை, இரை எங்கே நிற்கிறது, எவ்வாறு அசைகிறது என்பதைக் கொண்டு பிரிப்பர். தக்கையைக் கட்டி இரையை நீரின் நடுவே தொங்கவிடுவது தக்கைத் தூண்டில். ஈயக்குண்டு கட்டி இரையைத் தரையில் கிடத்துவது அடித்தூண்டில். கெண்டையும் கெளுத்தியும் பெரும்பாலும் இவ்விரு முறைகளில் அகப்படும். விரால் வேறு இயல்புடையது. அது பாசிக்கும் தாமரை இலைக்கும் அடியில் பதுங்கியிருந்து தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து பிடிக்கும். ஆகவே இரப்பரால் செய்த போலித்தவளையை நீரின்மேல் தத்தவிட்டு இழுத்து வருவர். உலோகத் தகடு சுழலும் போலியிரையும் இவ்வகையைச் சார்ந்ததே. இறகும் நூலும் கொண்டு பூச்சிபோல் கட்டிய எடையற்ற இரையை, நரம்பின் எடையாலேயே வீசுவது ஈத்தூண்டில். குளிர்ந்த மலையோடைகளில் வாழும் டிரவுட் மீனுக்கு உரிய முறை அது. அம்மீன் நம் நாட்டினது அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி சார்லஸ் வில்சன் என்பவரின் முயற்சியால் நீலகிரியில் நிலைபெற்றது. கடலில் பாறை, வஞ்சிரம் முதலியவற்றைப் படகிலிருந்தும் கரையிலிருந்தும் பிடிக்கும் விளையாட்டு தனியொரு துறை.

இக்கலையைப் பற்றி நம் மண்ணிலிருந்தே ஆங்கில நூல்கள் எழுந்தன. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் ஏரி, குளங்களில் தூண்டிலிடுவதற்கென்றே மற்றொரு நூலையும் எழுதினார். ஊர்க்குளத்தின் கெண்டையையும் ஒரு துரை மதித்து எழுதினார் என்பது வியப்புக்குரியது.

தொடக்கப் பயிற்சி

புதிதாகக் கற்போர் முதலில் பழக வேண்டியது முடிச்சு. நரம்பின் நுனியை முள்ளின் காதில் நுழைத்து, நுனியைக் கொண்டு நீள்நரம்பை ஐந்தாறு முறை சுற்றி, காதை ஒட்டியுள்ள முதல் வளையத்துள் செருகி இழுக்க வேண்டும். இறுக்குமுன் முடிச்சை நீரால் நனைத்தல் இன்றியமையாதது. உலர்ந்த நரம்பு உராய்வின் வெப்பத்தால் வலுவிழக்கும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போயிற்று என்று சொல்லப்படும் கதைகள் பலவற்றில் அறுந்தது நரம்பன்று, முடிச்சே அவிழ்ந்திருக்கும்.

அடுத்தது பொறுமையோடு கூடிய கவனம். தக்கை நடுங்குவது மீன் இரையை மோந்து பார்ப்பதன் அடையாளம். அப்போது இழுத்தால் முள் வெறுமையாக வரும். தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக நகரும்போதோ நீருள் அமிழும்போதோ மணிக்கட்டைச் சற்றே உயர்த்தினால் போதும். மிகவும் காலம் தாழ்த்தினாலும் கேடுதான். மீன் முள்ளை விழுங்கிவிடும். சூதாடி பெறும் வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனோடு திருவள்ளுவர் ஒப்பிட்டிருப்பது நாம் அறிந்ததே. வயிற்றுக்குள் சென்ற முள் மீனுக்கு எத்தகைய முடிவைத் தரும் என்பதை அறிந்தவர் மட்டுமே கூறத்தக்க உவமை அது. உதட்டில் தைத்த மீனை விடுவித்தால் பிழைக்கும். குடலில் தைத்தது பெரும்பாலும் பிழைப்பதில்லை.

விடுவித்தலும் ஒரு பயிற்சியே. முள்ளின் நுனிக்குப் பின்னே எதிர்த்திசையில் நீண்டிருக்கும் சிறு கூரை இடுக்கியால் அழுத்தி மழுக்கிவிட்டால், முள் காயத்தைப் பெரிதாக்காமல் எளிதில் கழன்று வரும். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். அதன் உடலைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான படலம் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசமாகும். உலர்ந்த கையும் சுடுமணலும் அதனைச் சிதைக்கும். நிழற்படத்துக்காக மீனை நீருக்கு வெளியே தூக்கிவைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அதற்கு மூச்சுத் திணறல்தான். களைத்த மீனை நீருக்குள்ளேயே, ஓட்டத்தை எதிர்நோக்கிப் பிடித்திருந்தால் செவுள் வழியே நீர் பாயும். வலுப்பெற்றதும் தானே கையை உதறிச் செல்லும்.

கரையில் இருப்போர் தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். கார்பன் இழைக் கோல்கள் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளின் அடியிலும் இடிமின்னலின்போதும் கோலை உயர்த்துதல் உயிருக்கே தீங்காகும். அறுந்த நரம்பைக் கரையில் விட்டுச் சென்றால் நீர்ப்பறவைகளின் கால்கள் அதில் சிக்கும். ஊர் ஏரிகளில் மீன்பாசி உரிமை பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுவதால், குத்தகைதாரரின் இசைவின்றித் தூண்டிலிடுதல் முறையன்று. அவருக்கு அது விளையாட்டன்று, பிழைப்பு.

கூன்முதுகு மஹசீர்

காவிரியில் தூண்டிலிட்டோர் அனைவரும் கனவு கண்ட மீன் ஒன்று உண்டு. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் பெயர் மஹசீர். காவிரி ஆற்றுத்தொகுதிக்கே உரிய கூன்முதுகு மஹசீர், உலகின் பெரிய மஹசீர் இனங்களுள் ஒன்று. 1946இல் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை கொண்டிருந்தது. இத்துணைப் பெரிய மீனைக் கவர்ந்த இரை என்ன என்று கேட்டால், கிருஷ்ணகிரி மாவட்ட மாணவர்கள் புன்னகைக்கக்கூடும். காவிரிக்கரைத் தூண்டில்காரர்கள் பெரிதும் நம்பியது வேகவைத்துக் கெட்டியாக உருட்டிய ராகி மாவை. நம் வீட்டுக் களிதான்.

காவிரியின் கருநாடகக் கரையில் பீமேசுவரி, கலிபோரே முதலிய இடங்களில் தூண்டில் முகாம்கள் இயங்கின. முன்னர் வலையிட்டும் வெடிவைத்தும் மீன் பிடித்தவர்களுள் சிலர் அங்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பணிபெற்றனர். பிடித்த மீன் ஒவ்வொன்றும் எடையுடன் பதிவேட்டில் ஏறியது. பின்னர் ஆற்றுக்கே திரும்பியது. 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை மீனியல் ஆய்வாளர்கள் பின்னாளில் ஆராய்ந்தனர். 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பில் 6,161 மஹசீர்கள் பிடித்து விடப்பட்டிருந்தன. கணக்கிட்டால் ஒரு மீனுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரக் காத்திருப்பு!

அப்பதிவுகள் இரண்டு செய்திகளைக் கூறின. ஒன்று, அகப்பட்ட மீன்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடியது. காவல் பயனளித்தது என்று மகிழத் தோன்றும். மற்றொன்று, அம்மகிழ்ச்சியைக் குலைப்பது. கூடியவை நீலத்துடுப்பு மஹசீர்கள். கூன்முதுகு மஹசீரோ அரிதாகிக்கொண்டே வந்தது. நீலத்துடுப்பு மஹசீர் காவிரிக்கு உரியதன்று. மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் உள்ள பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்ட குஞ்சுகள், மஹசீரைப் பெருக்கும் நல்லெண்ணத்துடன் பல ஆறுகளில் விடப்பட்டன. காவிரியும் அவற்றுள் ஒன்று. ஒரு பெயருக்குள் பல இனங்கள் அடங்கியிருப்பதை உணராமல் செய்த உதவி, காக்க நினைத்த மீனுக்கே போட்டியாயிற்று. அணைகள், மணல் அள்ளுதல், வெடிவைத்துப் பிடித்தல் ஆகியவையும் சேர்ந்துகொண்டன.

இதில் மேலும் ஒரு விந்தை உண்டு. உலகப் புகழ்பெற்ற அம்மீனுக்கு உறுதியான அறிவியற்பெயரே நெடுங்காலம் இல்லை. 2007இல் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்டு, மீனியல் அறிஞர் ரெமா தேவியின் பெயரால் 'டோர் ரெமாதேவியி' என அழைக்கப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே என 2018இல் நிறுவப்பட்டது. பாம்பாறு கேரளத்தில் தோன்றி அமராவதியில் கலப்பது. அமராவதி காவிரியின் துணையாறு. பெயர் உறுதியான அதே ஆண்டில், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிக மோசமான அழிவாபத்தில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. பெயரற்றதைப் பட்டியலில் சேர்க்க இயலாது என்பதே அதுவரை இருந்த இடர்ப்பாடு.

தடையும் வாதமும்

காவிரி முகாம்களில் தூண்டிலிடுதல் 2012இல் தடைசெய்யப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதல் என்பதற்குள் விலங்குகளைப் பிடிப்பதையும் அடக்குகிறது. ஆகவே சரணாலயத்துக்குள் விளையாட்டுக்காக மீன் பிடித்தல் பொருந்தாது என்பது ஒரு சாராரின் வாதம். தூண்டில்காரர்கள் வெளியேறியதால் ஆற்றைக் கண்காணித்த கண்களும் வெளியேறின, வெடிவைப்போருக்கு வழி திறந்தது என்பது மறுசாராரின் வாதம். இரண்டையும் எளிதில் ஒதுக்க இயலாது. மீனுக்கு முள் தைக்கிறது என்பது உண்மை. அம்முள் இல்லாதிருந்தால் 6,161 பதிவுகள் இருந்திரா என்பதும் உண்மை. தூண்டிலின்றியே கணக்கெடுக்கும் முறைகள் பெருகும்போது முதல் வாதம் வலுப்பெறும் எனலாம்.

தமிழகக் கரையிலும் பாதுகாப்பு விரிந்துள்ளது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்குக் காட்டுயிர்ச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. நீர்நாயும் முதலையும் வாழும் அந்நீர்ப்பரப்பில் பொழுதுபோக்குக்காகத் தூண்டிலிட இடமில்லை. கற்க விரும்புவோர்க்கு இசைவு பெற்ற ஊர் ஏரியே ஏற்ற பள்ளி. அங்கு முதலில் அகப்படுவது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டையாக இருக்கும். அதுவும் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அயல்மீனே.

தென்பெண்ணையின் நிலை வேறு. கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெண்ணுரை பொங்கி வழியும் படங்கள் செய்தித்தாள்களில் பலமுறை வந்துள்ளன. கழிவு சேர்ந்த நீரில் உயிர்வளி குறையும்போது மீன்கள் விடியற்காலையில் நீர்மட்டத்துக்கு வந்து வாய்திறந்து மூச்சு வாங்கும். இரவெல்லாம் பாசி ஒளிச்சேர்க்கையின்றி உயிர்வளியை உட்கொண்டிருப்பதால், அந்நேரத்தில்தான் நீரில் அது மிகக் குறைவாக இருக்கும். அதனை முதலில் காண்பவர் கரையில் தக்கையைப் பார்த்து அமர்ந்திருப்பவரே. நாள், நேரம், இடம், நீரின் நிறம், மணம், கண்ட மீன்கள், அவற்றின் எண்ணிக்கை என்று அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், மீனே அகப்படாத நாளின் பக்கத்திலும் எழுதுவதற்குச் செய்தி இருக்கும்.